இருபத்தொன்பது புள்ளி வாங்குவது எப்படி

ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஒன்று இருபதுக்கு, வாழ்க்கையில் முன்னேறுவது என்று நான் தீர்மானித்தேன். நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம் உண்டு. அப்போது மூக்கனுடைய கெரம் போட்டில் சிவப்புக் காய் குழிக்கு நேராக நின்றது. நான் குனிந்து ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தேன். மற்றக் கண்ணில் வாசலில் நின்ற என் மனைவி ஜீவராணி தெரிந்தாள்.

இது நடக்கக் கூடாத விஷயம். ஏனென்று சொல்ல வேண்டுமானால் எங்கள் தோட்டத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நான் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியின் தலையை இடுப்புக்குக் கீழே வெட்டிச் சமப்படுத்துகிற வேலை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுப் போனால், கங்காணி இத்தனை செடி என்று அளந்து விடுவார். அதை வெட்டிவிட்டால் அன்றைய வேலை முடிந்தது. பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். கொழுந்து எடுக்கிற பெண்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் சாயந்தரம் நிறுத்துப் போட்டுவிட்டு வீடு வர ஐந்து மணி ஆகும்.

ஆக, ஒரு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஆண்பிள்ளைகள் மட்டும்தான். இந்த நாலு மணி நேரத்தை நான் இருபத்திரண்டு வருஷமாக அனுபவித்து வருகிறேன். சொத்து என்று எனக்கு இருப்பது அது ஒன்றுதான். அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் மூக்கனுக்கும் அதே வேலை, அதே சொத்து. இரண்டு சொத்தையும் சேர்த்துத்தான் கெரம் போட்டில் போட்டிருந்தோம்.

அன்றைக்கு வெயிலில் கொழுந்து குறைந்துபோய் பெண்களை அரை நாளோடு அனுப்பிவிட்டார்கள். இதை யாரும் எங்களுக்கு அறிவிக்கவில்லை.

"என்னாங்க செய்றீங்க?" என்றாள் ஜீவராணி.

மூக்கனின் அலமாரியில் ஒரு புத்தகம் இருந்தது. அவன் மச்சினன் எப்போதோ விட்டுவிட்டுப் போன வீதி ஒழுங்குப் புத்தகம். சாரதி லைசன்ஸ் எடுக்கிறவர்கள் படிப்பது. அது எப்படி என் கைக்கு வந்தது என்று எனக்கே தெரியாது. கெரம் போட்டின் மேல் அதை விரித்துவிட்டேன்.

"படிக்கிறேன்."

"என்னா படிக்கிறீங்க?"

"லைசன்ஸுக்கு. ஆட்டோ லைசன்ஸ் எடுக்கலாம்னு."

"ஆமா தங்கச்சி," என்றான் மூக்கன். நல்ல நேரத்தில் கை கொடுக்கிற நண்பன் அவன். "நான் கேள்வி கேக்குறேன், மச்சான் பதில் சொல்றாரு."

"ரெண்டு பேரு கையிலயும் என்னாண்ணே வெள்ளையா மாவு?"

மூக்கன் என்னைப் பார்த்தான். நான் மூக்கனைப் பார்த்தேன்.

"பழைய பொஸ்தகம் தங்கச்சி. பக்கம் ஒட்டிக்குது. மாவு போட்டாத்தான் பிரியுது."

ஜீவராணி சிரிக்கவில்லை. சண்டையும் போடவில்லை. அவள் கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நல்ல விசயந்தானே. படிங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயந்தரம் நான் கொஞ்சம் முந்திக்கொண்டேன். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசிகசாலையில் கொழும்பிலிருந்து வந்த ஐயா ஒருவர் பேசியிருந்தார். 'ஓய்வு நேரத்தை வீணாக்காதீர்கள், உங்கள் இலட்சியத்தை நீங்களே தேடிப் போங்கள்' என்று ஒன்றரை மணி நேரம் சொன்னார். நாங்களும் ஒன்றரை மணி நேரம் ஓய்வாக உட்கார்ந்து கேட்டோம். அதில் நினைவில் நின்றதை எடுத்து விட்டேன்.

"மனுசன்னா ஒரு இலட்சியம் வேணும் ஜீவா. எத்தன நாளைக்குத்தான் கவ்வாத்துக் கத்தியப் புடிச்சிக்கிட்டு இருக்கிறது? தெனம் நாலு மணி நேரம் சும்மா போவுது. அதுல படிச்சு முன்னேறலாம்னு பாக்குறேன். ஆனா நம்ம காம்பரால வெளிச்சம் பத்தாது. மூக்கன் வீட்டுல ஜன்னல் இருக்கு."

"அங்கயே படிங்க. பரீட்ச எப்ப?"

"அது... ஒரு மூணு மாசத்துல."

"பொஸ்தகத்துல எத்தன பக்கம்?"

"நூத்தி இருவது."

"அப்ப ஒரு நாளைக்கு எத்தன பக்கம் படிப்பீங்க?"

"நாலு," என்றேன். பெரிய மனது பண்ணித்தான் சொன்னேன். "நாலு பக்கம் படிக்கிறதுன்னா லேசுன்னு நெனைக்காத."

"சரி. சாயந்தரம் நான் வந்து கேக்குறேன். நீங்க சொல்லணும்."

மறுநாள் என் சாப்பாட்டில் ஒரு அவித்த முட்டை இருந்தது. படிக்கிற மூளைக்காம். எங்கள் மகள் தனுஜா அட்டன் நகரில் உயர்தர வகுப்புக்குப் போகிறவள். அவளுக்குக்கூடக் கிடைக்காத முட்டை. நான் முட்டையைத் தின்றுவிட்டு மூக்கன் வீட்டுக்குப் போய், நாலு பக்கத்தை ஒரு புரட்டுப் புரட்டினேன். சரியாக இருபது நிமிஷம். பிறகு நாலரை மணி வரை கெரம். புத்தகம் எங்களுக்குப் பக்கத்திலேயே விரித்தபடி இருந்தது, காவலுக்கு.

இப்படி ஒரு வாரம் போனது. இவ்வளவு நல்ல ஏற்பாடு என் வாழ்க்கையில் இருந்ததில்லை. முன்பெல்லாம் விளையாடும்போது உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கும். இப்போது அனுமதியோடு, முட்டையோடு விளையாடினேன்.

எட்டாம் நாள், கடைசிக் காம்பரா நிஷாந்தி என்னைக் குழாயடியில் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அது ஐந்தாம் மாதம்.

"மாமா, ஐப்பசில எனக்கு நாளு. ஒங்களத்தான் நம்பிக்கிட்டு இருக்கேன்."

"என்னையவா? நான் என்னாம்மா செய்யப் போறேன்?"

"அதான் ஆட்டோ ஓட்டப் போறீங்களாமே. அத்த சொன்னாங்க. போன தடவ கொழுந்து லொறி வார வரைக்கும் வலியோட ரோட்டோரத்துல ஒக்காந்திருந்தேன். இனி அந்தப் பயம் இல்லதானே?"

நான் தண்ணீர்க் குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டேன். லயம் முழுக்க விஷயம் போயிருந்தது. ஜீவராணி கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசையில் நின்றபடி ஒவ்வொருத்தியாகச் சொல்லியிருக்கிறாள். கோயில் தலைவர் திருவிழாவுக்குச் சாமான் ஏற்றிவர என்னைக் கேட்காமலே என் பேரை எழுதிக்கொண்டார். சந்தியில் கடை வைத்திருக்கும் பைஸர் நாநா, சீனி வாங்கப் போன என்னை உள்ளே கூப்பிட்டு, தார்ப்பாயால் மூடியிருந்த ஒரு ஆட்டோவைக் காட்டினார். ஓட்டியவன் கட்டாருக்குப் போய்விட்டானாம்.

"நீங்க லைசன்ஸ் எடுத்தா மத்தியானத்துல நீங்களே ஓடுங்க மூர்த்தி. ஜீவராணி வந்து பேசிட்டுப் போனா," என்றார்.

மத்தியானத்தில். எனக்குக் காதில் அந்த ஒரு சொல்தான் விழுந்தது. என் ஒன்றிலிருந்து ஐந்தை என்னைக் கேட்காமலே ஒருத்தருக்கொருத்தர் பேசி முடித்துக்கொண்டிருந்தார்கள்.

இதோடு சாயந்தரப் பரீட்சை வேறு. ஜீவராணி அடுப்பில் ரொட்டியைப் புரட்டியபடி கேட்பாள்.

"நாகலெட்சுமி பொஸ்தகத்துல பாத்துச் சொன்ன கேள்வி. ஒடுக்கமான மலை ரோட்டுல ஒரு வண்டி ஏறுது, ஒரு வண்டி எறங்குது. யாரு வழி விடணும்?" நாகலெட்சுமி என்பது மூக்கனின் மனைவி.

"எறங்குறவன்."

"ஏன்?"

"ஏறுறவன் நிறுத்துனா திரும்ப எடுக்க கஷ்டம்."

"சரியாத்தான் சொல்றீங்க. நான்கூட சும்மா கெரம் வெளையாடுறீங்களோன்னு நெனச்சேன்."

இந்த இடத்தில்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். என் தொழிலில் யாரும் செய்யாத தப்பு.

கவ்வாத்து வெட்டுகிறவன் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் கத்தி பிடிப்பது அல்ல. எவ்வளவு சீக்கிரம் முடிக்க முடியும் என்பதைக் கங்காணிக்குக் காட்டாமல் இருப்பது. பதினொரு மணிக்கே முடித்துக் காட்டினால், 'ஓஹோ, இவனுக்கு நேரம் மிச்சமிருக்கு' என்று மறுநாள் ஐம்பது செடி கூட்டிவிடுவார்கள். கூட்டினது பிறகு குறையாது. அதனால் சீக்கிரம் முடிந்தாலும் கடைசிப் பத்துச் செடியை நின்று, நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்து, பெருமூச்சு விட்டு வெட்ட வேண்டும். இந்த வித்தையில் நான் கெட்டிக்காரன். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுப்பேன்.

அப்படிப்பட்ட நான், கெரம் என்ற சொல்லைக் கேட்டதும் ரோஷம் வந்து சொன்னேன்: "நாலு பக்கம் என்னா பெரிய விசயம்? இருவது நிமிசத்துல முடிச்சிருவேன்!"

ஜீவராணி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"இருவது நிமிசமா?"

"பின்ன?"

"தனுஜா, நாலு பக்கம் இருவது நிமிசம்னா, நாலு மணி நேரத்துக்கு எத்தன பக்கம் வருது?"

மூலையில் படித்துக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்காமலே சொன்னாள். "நாப்பத்தெட்டும்மா."

பெற்ற பிள்ளை.

"நாப்பத்தெட்டு வேணாம், பாவம்," என்றாள் ஜீவராணி. "நாளையிலேருந்து பன்னெண்டு படிங்க."

"பன்னெண்டா! ஜீவா, தலையில ஏற வேணாமா?"

"நாலுக்கு இருவது நிமிசம்னா பன்னெண்டுக்கு ஒரு மணி நேரந்தானே. மிச்சம் மூணு மணி நேரம் இருக்கு. அதுல ஏறட்டும்."

அன்றிலிருந்து பன்னிரண்டு. ஒரு பதில் தவறினால் மறுநாள் அந்தப் பக்கமும் சேர்ந்து பதின்மூன்று. முட்டை மட்டும் ஒன்றுதான்.

ஒரு நாள் விண்ணப்பத்தை அவளே நிரப்பிக்கொண்டு வந்தாள். கையெழுத்து மட்டும் போடச் சொன்னாள். மருத்துவச் சான்றிதழ் எடுக்க நுவரெலியாவுக்குப் போனபோது அவளும் கூட வந்தாள். என் கண், காது, இரத்த அழுத்தம் எல்லாம் நன்றாக இருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நான் ஒரு கோளாறாவது இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கையில் நானும் மூக்கனும் உட்கார்ந்து தீவிரமாக யோசித்தோம். கெரம் போட் சுவரில் சாய்ந்திருந்தது. அதன் மேல் மூக்கன் வீட்டுத் துண்டு காய்ந்தது.

"மச்சான், பாஸ் பண்ணினீங்கன்னா தொலஞ்சோம்," என்றான் மூக்கன். "நீங்க மத்தியானம் ஆட்டோ ஓட்டப் போயிருவீங்க. நான் தனியா யாரோட வெளையாடுறது?"

"பாஸ் பண்ணாட்டி?"

"பெயிலானா லயமே சிரிக்கும்."

"எத்தன கேள்வி?"

"நாப்பது. முப்பது சரியா இருந்தா பாஸாம்."

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பிறகு எனக்கு அந்த யோசனை வந்தது. இதுவரைக்கும் என் மூளையில் உதித்தவற்றில் இதுதான் சிறந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

"மூக்கா, பத்துப் புள்ளி எடுத்து பெயிலானா மானம் போயிரும். முப்பது எடுத்தா மத்தியானம் போயிரும். இருவத்தொம்பது எடுத்தா?"

மூக்கன் எழுந்து நின்றுவிட்டான்.

"ஒரு புள்ளியில போச்சேன்னு எல்லாரும் பாவம் பாப்பாங்க மச்சான்!"

"அடுத்த பரீட்சைக்கு மூணு மாசம் படிக்கணும்ல?"

"முட்ட வேற கெடைக்கும்!"

"அடுத்த தடவையும் இருவத்தொம்பது."

இதில் ஒரே ஒரு சிக்கல் இருந்தது. இருபத்தொன்பது எடுப்பது முப்பது எடுப்பதைவிடக் கடினம். இருபத்தொன்பது கேள்விக்குச் சரியான பதில் நிச்சயமாகத் தெரிய வேண்டும். மிச்சம் பதினொன்றுக்குத் தப்பான பதில் நிச்சயமாகத் தெரிய வேண்டும். தெரியாமல் ஏதோ ஒன்றைப் போட்டு, அது சரியாகித் தொலைத்தால் முப்பதாகிவிடும். ஆகவே நாற்பதும் தெரிந்தே ஆக வேண்டும்.

பாஸாவதற்காக ஊரில் எத்தனையோ பேர் படிக்கிறார்கள். பெயிலாவதற்காக நான் படித்த மாதிரி எவனும் படித்திருக்க மாட்டான். மூக்கன் கேள்வி கேட்க, நான் பதில் சொல்ல, அவன் புள்ளி போட, ஒரு மாதம் போனது. ரெயில் கடவையில் கனவில்கூட வண்டியை நிறுத்தினேன். முதலில் முப்பத்தைந்து வந்தது. பிறகு இருபத்தேழு. பரீட்சைக்கு நாலு நாள் இருக்கையில், தொடர்ந்து மூன்று தடவை இருபத்தொன்பது எடுத்தேன். மூக்கன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். இவ்வளவு வேலையில் நாங்கள் கெரம் விளையாடவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நடுவில் ஒரு நாள் மட்டும் எனக்கு மனம் தடுமாறியது. அதையும் சொல்லிவிடுகிறேன். சாயந்தரம் மழை பிடித்துக்கொண்டது. தனுஜா அட்டனிலிருந்து பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கி, மூன்று மைல்கட்டை தூரம் நடந்து வந்தாள். புத்தகப் பையை நனையாமல் வயிற்றோடு அணைத்திருந்தாள். ஆள் முழுக்க நனைந்திருந்தது. காலில் அட்டை ஏறி இரத்தம் வடிந்தது. ஜீவராணி உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக உப்புத் தடவி எடுத்தாள்.

"இன்னைக்கு ரோட்டுல ஒரு ஆளும் இல்லப்பா. பயமா இருந்திச்சு," என்றாள் மகள்.

ஜீவராணி என்னைப் பார்க்காமலே சொன்னாள். "இன்னும் கொஞ்ச நாளுதான் புள்ள. அப்பா படிக்கிறாருதானே."

எனக்கு வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. முப்பத்தொன்று எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மறுநாள் மத்தியானம் மூக்கன் வீட்டுக்குப் போனால், அவன் கெரம் போட்டைத் துடைத்து, பரீட்சை முடிந்து வந்து விளையாட என்று புதுக் காய் வாங்கி வைத்திருந்தான். மனுஷனுக்கு எத்தனை பக்கம்தான் இரக்கப்பட முடியும்?

பரீட்சை நாள் வந்தது. ஜீவராணி அன்று வேலைக்குப் பேர் கொடுக்காமல் என்னோடு கிளம்பினாள். துணைக்கு என்றாள். நாங்கள் விடிகாலையில் மஸ்கெலியாவிலிருந்து அட்டனுக்கும், அட்டனிலிருந்து நுவரெலியாவுக்கும் பஸ் பிடித்தோம். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்தப் பதினொன்றைத் தப்பாகப் போடுவது என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தேன். மனது அமைதியாக இருந்தது. பஸ் நானுஓயாவைத் தாண்டியது.

"பரீட்சைக்குப் பொம்பளைங்களும் வருவாங்களோ?" என்றாள் ஜீவராணி.

"வருவாங்க. இப்பதான் எல்லாத்துக்கும் வாறாங்களே."

"காலையில ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம்னு பிரிச்சுத்தான் எழுத விடுவாங்களாம். நீங்க காலையிலதானே?"

"ஆமா. அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னைக்கு நீங்க மெடிக்கலுக்கு உள்ள போனீங்களே, ரெண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் நான் வெளிய சும்மாவா நின்னுக்கிட்டு இருந்தேன்?"

நான் அவள் பக்கம் திரும்பினேன். நல்ல சேலை உடுத்தியிருந்தாள். மடியில் பையை வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஜீவா, நீ என்னா சொல்ற?"

"நான் என்னாத்த சொன்னேன்? மூணு மாசமா தெனம் ஒங்ககிட்ட கேள்வி கேட்டது யாரு?"

"நீதான்."

"கேக்குறவளுக்குப் பதில் தெரியாதா?"

"தெரியும்..." என்றேன். "தெரியணுந்தான்."

"பைஸர் நாநாகூட சொன்னாரு. யாரு லைசன்ஸோட வந்தாலும் ஆட்டோ குடுக்குறேன், ஆம்பள பொம்பள பாக்க மாட்டேன்னு. நல்ல மனுசன்ல?"

என் கண் முன்னே ஒரு காட்சி ஓடியது. பைஸர் நாநாவின் ஆட்டோ லயத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது. ஓட்டும் இடத்தில் ஜீவராணி. பின்னால், முட்டிக்கால் மேல் ஒரு மூட்டை மாவோடு நான். லயம் முழுக்க வாசலில். 'அத்த மொதல் தடவையே பாஸாமே, மாமாதான் ஒரு புள்ளியில போயிட்டாராம்' என்கிறாள் நிஷாந்தி. இருபத்தொன்பது. நான் உயிரைக் கொடுத்துச் செதுக்கி வைத்திருந்த அந்த எண், பக்கத்தில் பெண்டாட்டியின் முப்பத்தைந்தை வைத்துப் பார்த்தால் எவ்வளவு கேவலமாக இருக்கிறது! இதோடு விட்டால்கூடப் பரவாயில்லை. அவள் மத்தியானத்தில் ஆட்டோ ஓட்டப் போய்விட்டால், வீட்டில் ஒன்றிலிருந்து ஐந்து வரை சும்மா இருக்கிறவன் யார்? ரொட்டி சுடப் போகிறவன் யார்?

பரீட்சை மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்தோம். என்னைப் போல் எழுதியவன் ஒருத்தன் இருக்க மாட்டான். கேள்வியைப் பாதி படிக்கும்போதே கை பதிலுக்குப் போனது. அரை மணி நேரத்தில் முடித்து, திரும்பவும் ஒரு தடவை சரி பார்த்தேன். வேலையில் இருபத்திரண்டு வருஷமாக நான் யாருக்கும் காட்டாத வேகத்தை அன்றைக்குக் காட்டினேன்.

முடிவை அங்கேயே ஒட்டினார்கள். கணேசமூர்த்தி, முப்பத்தொன்பது. அந்த ஒன்றும் தெரியாமல் போகவில்லை. ஒரு மாதப் பழக்கத்தில் கை தானாகத் தப்பான பதிலைப் போட்டுவிட்டது.

வெளியே வந்தேன். ஜீவராணி மரத்தடியில் உட்கார்ந்து ரொட்டிப் பார்சலைப் பிரித்து வைத்திருந்தாள்.

"எத்தன?"

"முப்பத்தொம்பது," என்றேன், பக்கத்தில் போகிறவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

"அந்த ஒண்ணு என்னா ஆச்சு?"

நான் அதைக் கவனிக்கவில்லை. வென்ற மனுஷனுக்குப் பெருந்தன்மை தானாக வரும். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பதறாத ஜீவா. கேள்வியெல்லாம் லேசுதான். ரெயில் கடவ ரெண்டு கேள்வி வரும். மலை ரோட்டுல எறங்குறவன் வழி விடுறது கட்டாயம் வரும். தெரியாததுல நின்னு நேரத்தப் போக்காத. தாண்டிப் போயி கடைசில வந்து பாரு. என்னய மாதிரி முப்பத்தொம்பது வேணாம், ஒரு முப்பத்திரண்டு எடுத்தாக்கூட ஒனக்குப் போதும்."

அவள் நான் சொன்னதையெல்லாம் மரியாதையாகக் கேட்டபடி ரொட்டியைச் சாப்பிட்டாள். சம்பலை என் பக்கம் தள்ளினாள்.

"சீக்கிரம் சாப்புடு. மத்தியானக் கூட்டம் ஒண்ணரைக்கு," என்றேன்.

"எங்க போறதுக்கு?"

"பரீட்சைக்கு!"

"யாரு?"

"நீதான்! அப்ளிகேசன் போட்டிருக்கேன்னு பஸ்ஸுல சொன்னியே!"

"நான் எப்பங்க சொன்னேன்?"

நான் யோசித்துப் பார்த்தேன். நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரைக்கும் அவள் பேசியதை ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப ஓட்டினேன். தான் எழுதப் போவதாக அவள் சொல்லவே இல்லை. முழுக்கக் கேள்வியாகத்தான் கேட்டிருந்தாள். பதிலெல்லாம் நான்தான் எழுதியிருக்கிறேன்.

"அன்னைக்கு வெளிய சும்மா நிக்கலேன்னியே? ரெண்டு மணி நேரம்?"

"சும்மா நிக்கலதான். பஸாருக்குப் போயி ஒங்களுக்கு சுவெட்டர் பாத்தேன். இப்ப போட்டிருக்கீங்களே, குளிருக்கு நல்லா இருக்குதானே?"

நன்றாகத்தான் இருந்தது. அதிலேயே எனக்கு வேர்த்தது.

"நாளையிலேருந்து மத்தியானம் பைஸர் நாநா சந்தியில ஆட்டோவோட நிப்பாராம்," என்றாள், பார்சல் தாளை மடித்தபடி. "நீங்க ஓட்டிப் பழகுங்க. அடுத்த மாசம் ஓட்டிக் காட்டுற பரீட்ச. அது முடிஞ்சா தனுஜாவ சந்தியிலேருந்து ஏத்திக்கிட்டு வந்துரலாம். நிஷாந்திக்கும் நாளு நெருங்குது. கோயில் சாமான் வேற இருக்கு. அப்பறம், அந்தப் பொஸ்தகத்த யாருக்கும் குடுத்துராதீங்கன்னு நாகலெட்சுமி சொன்னா. நீங்க முடிச்சதும் மூக்கன் அண்ணே படிக்கணுமாம்."

பாவம் மூக்கன். அவன் அந்த நேரம் புதுக் காய்களை அடுக்கி வைத்து எனக்காகக் காத்திருப்பான்.

என் நாலு மணி நேரம் என் கண் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு தடவை பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

"ஏன் ஜீவா, கேள்வி பதில் பூரா ஒனக்கு மனப்பாடம். நீயே எழுதி லைசன்ஸ் எடுத்திருக்கலாமே?"

அவள் எழுந்து சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிக்கொண்டாள்.

"எடுத்திருக்கலாந்தாங்க. ஆனா எனக்கு ஏதுங்க ஓய்வு நேரம்?"